ஆறுக்குக் கீழே சைஸ் இல்லை

பூபாலனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பான். பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவான். பாதி வழியில் பஸ் அவனைத் தாண்டிப் போய்விடும். கல்யாண வீட்டுப் படங்கள் எதிலும் அவன் முகம் தெளிவாக விழுந்ததில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தெற்கே அவனுடைய அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டார்கள். அந்த நிலத்தில் பிறகு தொழிற்சாலைகள் எழுந்தன. பூபாலன் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அதே தொழிற்சாலைகளில் மூன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தான். ஒரே மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது அவனுக்கு ஆகவில்லை. கடைசியில் ஜி.எஸ்.டி. சாலையில் தனகோடி நடத்திவந்த பாதுகாப்புச் சாமான் கடை அவனைப் பிடித்துப் போட்டது. ஹெல்மெட், கையுறை, பளபளக்கும் சட்டை, இரும்பு முனை வைத்த பூட்ஸ். இவற்றை எடுத்துக்கொண்டு பைக்கில் கம்பெனி கம்பெனியாகப் போக வேண்டும். உட்காரவே வேண்டாத வேலை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

பூட்ஸ் விற்பதில் அவனுக்கு ஒரு வித்தை உண்டு. கம்பெனி ஆபீசில் பூட்ஸைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, "சார், இந்த சுத்திய என் கால்மேல போடுங்க" என்பான். அவர்கள் தயங்கினால் தானே போட்டுக்கொள்வான். டங்கென்று சத்தம் கேட்கும். அவன் சிரிப்பான். ஆர்டர் கிடைத்துவிடும். அப்புறம் தொழிலாளிகள் யாராவது பூட்ஸ் கடிக்கிறது, கனக்கிறது என்று வந்தால் ஒரே பதில்தான். "பத்து நாள் போடு, பழகிடும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கொளவாய் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவனைப் படூர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்த லக்ஷ்மிநாராயணன் ஒரு நாள் கண்டுபிடித்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வாராவாரம் எங்காவது நெடுந்தூரம் நடப்பார். பூபாலன் அவர்களோடு சேர்ந்தான். எல்லோருக்கும் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் முன்னால் போவான். அவர்கள் பத்துக் கிலோமீட்டர் நடந்தால் அவன் கணக்கில் பதினான்கு இருக்கும்.

போன ஜனவரியில் கோவளத்திலிருந்து புதுச்சேரிக்குக் கரையோரமாகவே ஐந்து நாள் நடப்பதென்று முடிவாயிற்று. சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். லக்ஷ்மிநாராயணன் எல்லோருக்கும் எழுதிய குறிப்பில், லேசான ஓட்டப்பந்தய ஷூ போதும், காட்டுப்பாதையில் ஓடுகிறவர்கள் போடுகிற வகையானால் இன்னும் நல்லது, அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள், பூட்ஸ் வேண்டாம் என்று இருந்தது.

பூபாலனுக்கு அது தொழிலையே கிண்டல் செய்வதுபோல் பட்டது. "இன்னா சார் இது, கொசுவலை மாதிரி கீது உங்க ஷூ. விரல விட்டா அந்தாண்ட வந்துடும். நூத்திருவது கிலோமீட்டரு சார். கணுக்கால் பெசகிச்சின்னா?"

"கடற்கரைல கணுக்கால் ஏன் பிசகப் போறது பூபாலன்? ஒரு பூட்ஸ் முக்கால் கிலோ இருக்கும். அதை ஒரு நாளைக்கு முப்பதாயிரம் தடவை தூக்கி வைக்கணும். யோசிச்சுப் பாருங்கோ."

பூபாலன் யோசிக்கவில்லை. ஏனென்றால் தனகோடி ஏற்கெனவே ஒரு பெட்டியை அவன் கையில் கொடுத்திருந்தார். கடையிலேயே புதிதாக இறக்கிய மலையேற்ற பூட்ஸ், பெட்டிமேல் 'டி.கே. மவுண்டன்' என்று பெயர். "நீ இத்த போட்டுகினு நட பூபாலா. டெய்லி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அத்த நம்ம கஸ்டமர் குரூப்புல போட்றேன். நூறு கிலோமீட்டரு நடந்த பூட்ஸுன்னா எவன் வோணாம்பான்?" என்றார். பூபாலனுக்குப் பெருமையாக இருந்தது. அன்று மாலையே பூட்ஸைப் போட்டுக்கொண்டு தெருவில் நாலு தடவை போய் வந்தான்.

கிளம்பிய அன்று கோவளத்தில் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. மீன் கூடைகளுக்கு நடுவே ஒன்பது பேரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூட்டைகள் ஒரு குட்டி லாரியில் ரோடு வழியாகப் போயின. பூபாலன் முதல் வீடியோவை எடுத்து அனுப்பிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். அலை வந்து போகும் இடத்தில் மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடந்தால் கால் புதையாது. ஒரு மணி நேரம் எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு ஒரு பெரிய அலை சொல்லாமல் வந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த லக்ஷ்மிநாராயணனையும் சேர்த்து முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போயிற்று.

வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று சொல்லித்தான் அந்த வகை பூட்ஸை அவன் விற்பான். மேலே திறந்த வாய் வழியாகப் போன தண்ணீர் இப்போது வெளியேயும் வரவில்லை. கழற்றிக் கவிழ்த்தான், சாக்ஸைப் பிழிந்தான், மறுபடி மாட்டினான். லக்ஷ்மிநாராயணனின் ஷூ நெம்மேலி வருவதற்குள் காலிலேயே காய்ந்துவிட்டது. இவனுடையது பட்டிபுலம் தாண்டியும் ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்றது. யாரும் கேட்டுவிடக் கூடாதென்று இன்னும் வேகமாக முன்னால் போனான். உரசல் அதிகமானது. சாளுவன்குப்பத்தில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய்த் தனியாகக் கழற்றிப் பார்த்தபோது, பாதம் ஊறிய அப்பளம் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டு குதிகாலிலும் எட்டணா அகலத்துக்குச் சிவப்பு.

மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவில் ஒரு விடுதி. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். பூபாலன் பூட்ஸை ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு, பாதத்தின் ஓரத்தாலேயே அறைக்குள் நடந்தான். சுவரிலிருந்து கதவு ஆறடி. போனான், வந்தான். பிறகு மனைவிக்குப் போன் செய்தான்.

ஜெயப்பிரியா தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பெட்டிகட்டும் பிரிவில் வேலை பார்க்கிறாள். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள்.

"ஜெயா, குதிகால் உரசினா நீங்கள்லாம் இன்னா பண்ணுவீங்க?"

"ஏன் மாமா? உனுக்கு உரசுதா?"

"ரவ."

"பேடு ஒண்ணு வாங்கி பாதியா வெட்டிக்க. ஒட்ற பக்கம் பூட்ஸ்ல படணும், மெத்துனு கீற பக்கம் காலாண்ட. முன்னாடி காலியா கீற எடத்துல துணிய திணிச்சிக்க. காலு உள்ள ஆடாது."

"எந்த பேடு?"

"பொம்பளைங்க பேடுதான். எங்க லைன்ல அத்தினி பேரும் அதான் பண்றோம். வாரத்துக்கு ஒரு பாக்கெட்டு ஆவுது."

அவன் நடையை நிறுத்தினான். "எத்தினி நாளா?"

"நீ பூட்ஸு சப்ளை பண்ண நாளாத்தான்" என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை. குழம்பு சூடுபடுத்த வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அவள் கம்பெனிக்கு அந்த பூட்ஸை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன்தான் இறக்கினான். ஆறுக்குக் கீழே சைஸ் இல்லை. ஜெயப்பிரியாவின் கால் நாலு. அவளும் அப்போது சொல்லிப் பார்த்தாள். ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ, பத்து நாளில் பழகிடும் என்று அவளுக்கும் அதே பதிலைத்தான் கொடுத்திருந்தான். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததால் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். மாதச் சாமான் வாங்கும்போது அந்தப் பாக்கெட்டுகள் கூடுதலாக இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். எதற்கென்று கேட்டதில்லை.

படுக்கப் பிடிக்கவில்லை. வெறுங்காலோடு கடற்கரைக்குப் போய், ஈர மணலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். காலுக்கு இதமாக இருந்தது. மனசுக்கு இல்லை.

காலையில் மருந்துக் கடையில் ஒரு பாக்கெட் கேட்டான். கடைக்காரர் கறுப்பு கவரில் சுற்றிக் கொடுத்தார். ஜெயப்பிரியா சொன்னபடியே வெட்டி ஒட்டினான். கொக்கிலமேடு வரைக்கும் அவள் வைத்தியம் நன்றாகவே வேலை செய்தது. பிறகு மணல் புகுந்தது, பேடு சுருண்டது, கொப்புளம் உடைந்தது. அணுமின் நிலையத்தின் பக்கம் கரையோரமாகப் போக முடியாது என்பதால் ரோட்டுக்கு ஏறினார்கள். தார் ரோட்டில் அவன் முதல்முறையாக எல்லோருக்கும் கடைசியில் வந்தான்.

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் லக்ஷ்மிநாராயணன் அவனைப் பிடித்து உட்காரவைத்தார். சாக்ஸின் பின்பக்கம் ரத்தம். அவர் குட்டி லாரிக்குப் போய்த் தன்னுடைய இரண்டாவது ஜோடி ஷூவை எடுத்துவந்து பெஞ்சுக்குக் கீழே வைத்தார்.

"பத்து சைஸ். உங்களுக்கு ஒன்பது. ஆனா வீங்கின காலுக்குச் சரியா இருக்கும்."

"வோணாம் சார். பழகிடும்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது இன்னதென்று அவன் காதில் விழுந்தது. டீயைக் கீழே வைத்தான். குனிந்து அந்தக் கொசுவலை ஷூவை அருகே இழுத்துக்கொண்டான். குதிகாலுக்கு மருந்து தடவிப் பிளாஸ்டர் போட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தான். டீக்கடையை ஒரு சுற்றுச் சுற்றினான். காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. இன்னொரு சுற்று. விரல்கள் ஐந்தும் உள்ளே தனித்தனியாக அசைந்தன. பதினோரு வருஷமாக விரல்கள் அசைவதைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தனகோடி கூப்பிட்டார். "இன்னா பூபாலா, ரெண்டாம் நாள் வீடியோ வர்ல?"

"மொதலாளி, காலு புண்ணாயிடுச்சி. வேற ஷூ மாத்திகினேன்."

"மாத்திக்க, யார் வோணாம்னது. ஒரு நிமிஷம் மட்டும் பூட்ஸ போட்டுகினு வீடியோ எடுத்து அனுப்பிட்டு கழட்டிடு. கஸ்டமருங்கள்லாம் கேட்டுகினு கீறாங்க."

அவன் போட்டுக்கொண்டான். டச்சுக் கோட்டைச் சுவர் பின்னால் தெரிய நின்று, "நாப்பது கிலோமீட்டர் நெருங்கியாச்சு. பஞ்சு மாதிரி கீது" என்று சொன்னான். போனில் ஓட்டிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டு சிரிக்கிற அதே சிரிப்புதான். அனுப்பிவிட்டான்.

அன்று தங்கியது வாயலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். பொழுது சாய்கிற நேரம் ஜெயப்பிரியாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மண்டபத்து வராந்தாவில் நடந்தபடியே கேட்டான்.

"மாமா, சூப்பர்வைசர் இன்னிக்கு உன் வீடியோவ எங்க லைன்ல எல்லாருக்கும் காமிச்சாரு. ஜெயப்பிரியா வூட்டுக்காரரு இதே கடை பூட்ஸ போட்டுகினு பாண்டிச்சேரிக்கு நடந்து போறாரு, நீங்க நின்ன எடத்துல நிக்கறதுக்கு கால் வலின்னு அழுவுறீங்கன்னாரு. அத்தினி பேரும் என்ன பாத்தாங்க. நேத்து நீ உரசுதுன்னு சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல. அவ்ளோதான். வச்சிடறேன்."

மூன்று தடவை கேட்டான். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மண்டபத்தைச் சுற்றி நடந்தான். திரும்பக் கூப்பிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. போனை எடுப்பான், வைப்பான். இப்படியே பொழுது போயிற்று.

விடிந்ததும் பாலாற்றங்கரைக்குத் தனியாகப் போனான். ஒரு கல்மேல் போனைச் சாய்த்துவைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பிளாஸ்டரைப் பிரித்தான். காலைத் தூக்கிக் காட்டினான்.

"நான்தான் பூபாலன். நேத்து பஞ்சு மாதிரி கீதுன்னு சொன்னேன். அது பொய். அந்த வீடியோவுக்காக ஒரு நிமிஷம் போட்டேன். ஒரு நாள் நடந்ததுக்கே என் காலு இப்டி கீது. கம்பெனிங்கள்ல பொம்பளைங்க நாலு சைஸ் காலுக்கு ஆறு சைஸ் பூட்ஸ போட்டுகினு தெனிக்கும் எட்டு மணி நேரம் நிக்கறாங்க. அத்த சப்ளை பண்ணவன் நான்தான். பழகிடும்னு சொன்னவனும் நான்தான். அது பழகாது. அவங்கள திட்டாதீங்க."

பூட்ஸ் சுத்தியலைத் தாங்குமா, இரும்பு முனை தேவையா என்பதைப் பற்றியெல்லாம் அவன் பேசவில்லை. கஸ்டமர் குரூப்பில் போட்டான். யாராவது பார்ப்பதற்குள் அழித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள்.

பாலாற்றுப் பாலத்தின் நடுவில் தனகோடியின் போன் வந்தது. "இன்னாய்யா பண்ணி வச்சிருக்க? என் வயித்துல அடிக்கறியே. பூட்ஸ குறை சொல்லு, பரவால்ல. நான் சப்ளை பண்ணி ஏமாத்தினேங்கற மாதிரி பேசிகீற. நீ கடைக்கு வராத."

"சரி மொதலாளி."

அவ்வளவுதான் பேச்சு. ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளம் எல்லாவற்றையும் அவன் தாண்டினான். எதையும் நின்று பார்க்கவில்லை. கால் வலிக்காததால் மனசு ஓடுவதற்கு நிறைய இடம் கிடைத்தது. வேலை போய்விட்டது, ஜெயா என்ன நினைப்பாள், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் என்ன சொல்வது. ஐந்தாம் நாள் புதுச்சேரி எல்லைப் பலகையைப் பார்த்து மற்றவர்கள் கை தட்டினார்கள். பூபாலன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் ஜெயப்பிரியா அவனைப் பாராட்டவில்லை. "மொதல்லயே பொய் சொல்லாம இருந்திருந்தா வேலையும் போயிருக்காது, நானும் தல குனிஞ்சிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவனுடைய இடது கட்டைவிரல் நகம் கறுத்துப் போய் மறுவாரம் விழுந்தது.

பன்னிரண்டு நாள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அதாவது வீட்டைச் சுற்றி இருந்தான். பத்தாம் நாள் ஜெயப்பிரியா ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு கட்டு அட்டை கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். பெட்டிகட்டும் பிரிவில் மிஞ்சும் அட்டைகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் வரைந்த இரண்டு பாதம், பக்கத்தில் ஒரு பெயர். மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

"சாப்பாட்டு டைம்ல எடுத்தோம்" என்றாள். "சும்மா சுத்திகினுதானே கீற. இத்த எடுத்துகினு எங்கியாவது போ."

அவன் ஆம்பூருக்குப் போனான். ஆறு பட்டறைகள் ஏறி இறங்கி, ஏழாவதில் ஓர் ஆள் கிடைத்தார். இரும்புக்குப் பதில் லேசான முனை வைத்து, மேலே துணிப்பின்னல் கொடுத்து, மூன்றிலிருந்து தொடங்கும் அளவுகளில் செய்து தருவதாகச் சொன்னார். பாதுகாப்புச் சான்று உள்ள அச்சு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்காம். உள்ளூரில் யாரும் கேட்டதில்லையாம்.

ஜெயப்பிரியாவின் கம்பெனியில் ஜெசிந்தா என்றொரு அதிகாரி இருந்தார். பூபாலனின் பாலாற்றங்கரை வீடியோவைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். மாதிரி ஜோடியை மேஜைமேல் வைத்துவிட்டு வழக்கம்போல் பூபாலன் சுத்தியலை எடுத்தான். அவர் தடுத்தார். "அது தாங்கும்னு சர்டிஃபிகேட்ல இருக்கு. போட்டுக்கறவங்க வந்து நடந்து காட்டட்டும்" என்றார். மூன்று பெண்கள் வந்து ஆபீஸ் வராந்தாவில் நடந்தார்கள். முப்பது ஜோடிக்குச் சரி என்றார். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

ஆர்டர் பூபாலன் பேருக்கு வந்தது தெரிந்ததும் தனகோடி ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே நின்றார். "பில்லு போட உனுக்கு ஏது கடை? வா பூபாலா. ஆனா இனிமே வீடியோ கீடியோ வோணாம்" என்றார். பூபாலன் போனான். அந்த சூப்பர்வைசர் யாரிடமும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. முப்பதில் நாலு ஜோடி இறுக்கம் என்று திரும்பி வந்தன. மற்ற கம்பெனிகளில் இரண்டு மட்டும் மாதிரி கேட்டன. ஏழு கம்பெனிகள் பழைய பூட்ஸையே வாங்குகின்றன. அவனே கொண்டுபோய் இறக்குகிறான். இறக்கிவிட்டு யாருக்காவது கடித்தால் சொல்லுங்கள் என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறான். போன் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்த ஜனவரிக்கும் நடை வைத்திருக்கிறார்கள். பெயர் கொடுக்கும்போது ஜெயப்பிரியா, "கோவளத்துலேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் என்னையும் போடு. அங்கேர்ந்து பஸ்ல வந்துடுவேன்" என்றாள். அதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் செங்கல்பட்டு பஜாரில் ஒரு ஷூ கடைக்குப் போனார்கள். பூபாலன் வாயைத் திறக்கவில்லை. அவள் நாலரையை மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்தாள். கழற்றினாள். நாலைப் போட்டாள். மறுபடி நாலரை. கடைக்காரர் சரியாகத்தான் இருக்கிறது, பில் போடட்டுமா என்றார்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தாள். பழக்கடை தாண்டினாள். பாத்திரக் கடை தாண்டினாள். மணிக்கூண்டு பக்கம் கூட்டத்தில் அவளுடைய பச்சைச் சேலை மறைந்தது.

கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, திரும்பி வருவாங்களா?"

"வருவாங்க" என்றான் பூபாலன். "கொஞ்சம் நேரம் ஆவும்."